காத்மாண்டுவில் முதல் நாள்: களைப்புக்கும் சாதி உண்டு

முதுகுப்பையோடு ஊர் சுற்றுகிறவர்கள் போடும் காணொளிகளில் தவறாமல் ஒரு காட்சி வரும். புதிய நகரம். முதல் நாள். வழி தெரியவில்லை, பசி, கால்வலி, தங்க இடம் கிடைக்கவில்லை. பின்னணியில் ஒரு கிடார் ஒலிக்கும். தொலைந்து போவதுதான் உண்மையான பயணம் என்று ஒரு வரி ஓடும். அலைச்சலையே ஓர் அழகாக்கிக் காட்டும் அந்தக் காணொளிகளைப் பார்த்துவிட்டுக் கிளம்பியவர்கள்தான் நாங்களும். 2023 பிப்ரவரியில் காத்மாண்டுவில் எங்களுக்கு வாய்த்த முதல் நாள் அப்படி அழகாக இல்லை. அதைப் பற்றித் தோழர்களிடம் பேச வேண்டும் என்று பலமுறை நினைத்துத் தள்ளிப்போட்டுவிட்டோம். அந்த நாளில் நாங்கள் செய்தவற்றில் பெருமைப்பட ஒன்றுமில்லை என்பதுதான் காரணம்.

ஏன் காத்மாண்டு? கிளம்பியவர்கள் மூன்று பேர். மூவரும் சமூகப் பணியில் இருப்பவர்கள், வருகிற சம்பளம் கைக்கும் வாய்க்குமே சரியாக இருக்கும். எங்களில் ஒருவருக்குப் பாஸ்போர்ட் கிடையாது. சுடுகாட்டுப் பாதை கேட்டு நடந்த மறியலில் போட்ட வழக்கு இன்னும் வாய்தாவில் கிடக்கிறது. குற்ற வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்க 1967ஆம் ஆண்டுச் சட்டம் இடம் கொடுக்கிறது. நீதிமன்ற அனுமதி வாங்கலாம்தான். அதற்கு வழக்கறிஞர் வேண்டும், பணம் வேண்டும், நடையாய் நடக்க வேண்டும். களத்தில் நிற்கும் நம் இளைஞர்கள் பலருக்கு வெளிநாடு என்கிற கதவு இப்படித்தான் சத்தமில்லாமல் சாத்தப்படுகிறது. பாஸ்போர்ட் இல்லாமல், வாக்காளர் அட்டையைக் காட்டி ஓர் இந்தியக் குடிமகன் நுழையக்கூடிய நாடுகள் நேபாளமும் பூட்டானும்தான். பூட்டானில் நாளொன்றுக்கு 1,200 ரூபாய் கட்டணம் கட்ட வேண்டும். ஆகவே நேபாளம்.

சென்னை சென்ட்ரலில் ரப்திசாகர் எக்ஸ்பிரஸ் ஏறி, இரண்டு இரவுகள் ஸ்லீப்பர் பெட்டியில் கழித்து, கோரக்பூரில் இறங்கினோம். அங்கிருந்து பஸ்ஸில் சுனௌலி. சுனௌலியில் ஒரு வளைவு, அதைத் தாண்டினால் நேபாளம். எங்களை யாரும் நிறுத்தவில்லை, முத்திரை குத்தவில்லை, ஏன் வந்தாய் என்று கேட்கவில்லை. ஒரு நாட்டின் எல்லையை இப்படிக் கைவீசிக்கொண்டு கடக்க முடிகிறதே என்று எங்களுக்கே வியப்பு. சொந்த மாவட்டத்திலேயே செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு கடக்க வேண்டியிருந்த தெருக்களைப் பற்றி நம் பாட்டிமார் சொல்லிக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அந்த மகிழ்ச்சியில் கைக்கடிகாரத்தை 15 நிமிடம் முன்னுக்குத் தள்ளி வைத்தோம். நேபாள நேரம் இந்திய நேரத்தைவிடக் கால் மணி முந்தியது. அவர்கள் நாட்காட்டியில் ஆண்டு 2079 என்று போட்டிருந்தது.

இரவுப் பேருந்து. சுனௌலியிலிருந்து காத்மாண்டு 300 கிலோமீட்டர்கூட இல்லை, ஆனால் இரவு முழுவதும் பிடிக்கும். புட்வலுக்கும் நாராயண்காட்டுக்கும் இடையே சாலையை அகலப்படுத்தும் வேலை நடந்துகொண்டிருந்தது. மூடிய சன்னல் வழியாகவும் புழுதி உள்ளே வந்தது. எங்கள் பக்கத்து இருக்கையில் ஓர் இளைஞர். நாங்கள் பேசிக்கொள்வதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "அக்கா, சென்னையா?" என்றார், சுத்தமான தமிழில்.

வேளச்சேரிப் பக்கம் ஒரு கடையில் ஃபாஸ்ட் ஃபுட் மாஸ்டர். ஆறு வருடமாக அங்கேதான். அவருடைய முதல் நாள் கதையைக் கேட்டோம். சென்ட்ரலில் இறங்கியபோது வயது 17. கூட்டிப்போக வருவதாகச் சொன்ன ஆள் போனை எடுக்கவில்லை. தமிழும் தெரியாது, இந்தியும் அரைகுறை. "சாயங்காலம் வரைக்கும் வெளியில பையைக் கட்டிப்புடிச்சிக்கிட்டு உக்காந்திருந்தேன் அக்கா. பை போச்சுன்னா நான் யாருன்னே யாருக்கும் தெரியாது." தண்ணீர் குடிக்கக்கூட எழுந்து போகவில்லை என்றார்.

புதிய ஆசிய நகரமொன்றில் களைத்துப் போகும் முதல் நாள் என்று சொன்னால், எண்ணிக்கையில் பார்த்தால், இவருடைய நாள்தான் அது. முதுகுப்பைக்காரர்களின் நாள் அதன் ஓரத்தில் எழுதப்பட்ட சின்னக் குறிப்பு. சென்ட்ரலுக்கும் பெங்களூருக்கும் தோஹாவுக்கும் கோலாலம்பூருக்கும் வந்து இறங்குகிற நேபாளத்து இளைஞர்களை யாரும் பயணிகள் என்று சொல்வதில்லை. சரி, அது தனிக் கட்டுரை.

நாங்கள் செய்த முதல் தவறு இந்தப் பேருந்தில்தான் நடந்தது. பேர் சொன்னார். எங்களில் ஒருவர், சமூகவியல் முதுகலை படித்த பழக்க தோஷத்தில், "முழுப் பேர் என்ன தம்பி?" என்று கேட்டுவிட்டார்.

அவர் சன்னல் பக்கம் பார்த்துவிட்டு, "கடைசிப் பேரு நேபாளி" என்றார்.

நாங்கள் சிரித்தோம். "நாட்டைக் கேக்கல தம்பி, பேரைக் கேட்டோம்."

அவர் சிரிக்கவில்லை. "நேபாளத்துல யாரு நேபாளின்னு பேரு வச்சிருக்காங்கன்னு கேட்டுப் பாருங்க அக்கா." தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு சாய்ந்துவிட்டார்.

எங்களுக்குப் புரிய ஒரு மணி நேரம் ஆனது. நேபாளத்தில் குடும்பப் பெயரை 'தர்' என்பார்கள். தரைக் கேட்டால் சாதி தெரிந்துவிடும். இரும்பு வேலை செய்த காமிகள் இன்று விஸ்வகர்மா என்றும், சுருக்கமாக பி.கே. என்றும் எழுதுகிறார்கள். தையலும் மங்கல வாத்தியமும் சுமத்தப்பட்ட தமாய்கள் பரியார் என்று எழுதுகிறார்கள். தோல் வேலை செய்த சார்க்கிகள் உள்ளிட்ட தலித்துகளில் பலர் நேபாளி என்று எழுதுகிறார்கள். சாதி தெரியக் கூடாது என்று நாட்டின் பெயரையே வைத்துக்கொண்டார்கள். கடைசியில் நாட்டின் பெயரே சாதிப் பெயராக ஒலிக்கத் தொடங்கிவிட்டது. பெயரை மாற்றினால் சாதி போய்விடும் என்று நம்புகிறவர்களுக்கு இதைவிடக் கசப்பான பாடம் இல்லை. இதையெல்லாம் நாங்கள் ஏதோ ஒரு கட்டுரையில் படித்துத்தான் இருந்தோம். படித்தது நேரத்துக்கு உதவவில்லை. விடியுமுன் முக்லிங்கில் பேருந்து நின்றபோது அவர் இறங்கி, வேறு பேருந்து பிடிக்கப் போய்விட்டார். மன்னிப்புக் கேட்கவும் முடியவில்லை.

காலை ஐந்தரை மணிக்குக் கலங்கியில் இறக்கிவிட்டார்கள். காத்மாண்டுவின் மேற்கு வாசல் அது. குளிர் எலும்பு வரை இறங்கியது. கைபேசியில் சிக்னல் இல்லை. கையிலிருந்த பணத்தில் 2,000 ரூபாயை எல்லையிலேயே மாற்றியிருந்தோம். நம் ஒரு ரூபாய்க்கு அவர்களுடைய 1 ரூபாய் 60 காசு என்பது நிலையான கணக்கு, ஆக 3,200 கிடைத்தது. பேருந்துக்கும் வழியில் பருப்புச் சோற்றுக்கும் போக மிச்சம் நூற்றுச் சொச்சம். மற்றதெல்லாம் 500 ரூபாய்த் தாள்கள். 100 ரூபாய்க்கு மேற்பட்ட இந்தியத் தாள்கள் அப்போது அங்கே செல்லாது. டீக்கடை அம்மா காந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கையில் கொடுத்துவிட்டார். யு.பி.ஐ.யும் வேலை செய்யவில்லை.

ஏ.டி.எம். உண்டே என்பீர்கள். அட்டையில் வெளிநாட்டுப் பயன்பாடு மூடப்பட்டிருந்தது. அதைத் திறக்க ஓ.டி.பி. வர வேண்டும். ஓ.டி.பி. வர சிம் வேலை செய்ய வேண்டும். உள்ளூர் சிம் வாங்கலாம், ஆனால் ஓ.டி.பி. பழைய எண்ணுக்குத்தான் வரும். போதாக்குறைக்கு அன்று சனிக்கிழமை. நேபாளத்தில் வார விடுமுறை ஞாயிறு அல்ல, சனி. பணம் மாற்றும் கடைகள் சாத்தியிருந்தன. கிளம்பப் போகும் தோழர்கள் இந்தப் பத்தியை மட்டுமாவது குறித்துக்கொள்ளுங்கள்: 100 ரூபாய்த் தாள்கள், முன்கூட்டியே திறந்துவிட்ட அட்டை, சனிக்கிழமை போய் இறங்காதிருத்தல்.

ஆகவே நடந்தோம். கலங்கியிலிருந்து தமேல் ஐந்து கிலோமீட்டர் இருக்கும். ஆளுக்குப் பத்துக் கிலோ முதுகில். தூசிக்குப் பயந்து ஊரே முகக்கவசம் போட்டிருந்தது. காலிமாட்டியில் காய்கறிச் சந்தை கூடிவிட்டிருந்தது. டோக்கோ என்கிற மூங்கில் கூடையில் சுமையை ஏற்றி, நெற்றியில் பட்டை கட்டித் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் எங்களை இடித்துவிடாமல் விலகிப் போனார்கள். அவர்களுடைய சுமைக்கு முன்னால் எங்கள் முதுகுப்பையைக் கனம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தது.

விஷ்ணுமதி ஆற்றைக் கடந்தபோது கரையோரம் தெரு பெருக்குகிறவர்களைப் பார்த்தோம். பழைய காத்மாண்டுவில், மல்லர்கள் ஆண்ட காலத்தின் நகரமைப்பில், போடே, ச்யாமே என்று அழைக்கப்பட்ட துப்புரவுச் சாதிகள் நகர எல்லைக்கு வெளியேதான் குடியிருக்க வேண்டும். அவர்கள் வாழ்ந்த இடம் ஆற்றை ஒட்டியது. அரண்மனைக்குப் பக்கத்தில் யார், சந்தைக்குப் பக்கத்தில் யார், எல்லைக்கு வெளியே யார் என்று நகரமே சாதியின் வரைபடமாகப் போடப்பட்டிருந்தது. மொழி தெரியாத, எழுத்துப் பலகை படிக்கத் தெரியாத ஓர் ஊரில் எங்களுக்குத் தானாகப் புரிந்த ஒரே விஷயம் இதுதான். ஊர் எங்கே முடிகிறது, சேரி எங்கே தொடங்குகிறது என்பதைக் கண்டுபிடிக்க நமக்கு மேப் வேண்டாம்.

பசந்தபூர் அரண்மனைச் சதுக்கத்துக்கு வருவதற்குள் மணி ஒன்பது. காத்மாண்டு என்ற பெயருக்கே காரணமான காஷ்டமண்டபம், 2015 ஏப்ரல் 25 நிலநடுக்கத்தில் இடிந்து, மறுபடி மரத்தால் எழுந்து நிற்கிறது. அதைப் பார்த்துக்கொண்டு ஒரு படிக்கட்டில் உட்கார்ந்தோம். உட்கார்ந்தவர்கள் இரண்டு மணி நேரம் எழுந்திருக்கவில்லை. மூன்று இரவுத் தூக்கம் கண்ணுக்குள் மணலாக உறுத்தியது. நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டது. கடைசி 60 ரூபாயில் தண்ணீர் வாங்கி மூன்று பேர் குடித்தோம். யாரும் யாரோடும் பேசவில்லை. சின்ன விஷயத்துக்குச் சண்டை வந்தது. வாக்காளர் அட்டையை யார் பையில் வைத்தது என்பதற்காக ஐந்து வருட நட்பு முறியப் பார்த்தது. அவ்வளவு களைப்பு.

பக்கத்தில்தான் ஜோச்சென் தெரு. 1960களிலும் 70களின் தொடக்கத்திலும் ஐரோப்பாவிலிருந்து தரைவழியாக வந்த ஹிப்பிகள் தங்கிய தெரு, உலகத்துக்கு அதை ஃப்ரீக் ஸ்ட்ரீட் என்று தெரியும். 1973இல் அரசு கஞ்சாவைத் தடை செய்ததும் அந்தக் கூட்டம் கலைந்தது, பிறகு தமேல் எழுந்தது. முதுகுப்பைப் பயணம் என்கிற பண்பாட்டுக்கே ஆசியாவில் பிறந்த வீடு என்று சொல்லத்தக்க இடங்களில் இது ஒன்று. அங்கே உட்கார்ந்திருந்தபோது எங்களுக்கு நினைவுக்கு வந்தது 1854ஆம் ஆண்டின் முலுகி ஐன். ஜங் பகதூர் ராணா கொண்டுவந்த சட்டத் தொகுப்பு. நேபாளத்தின் எல்லா மக்களையும் சாதி வரிசையில் நிறுத்தி, யார் கையால் தண்ணீர் வாங்கலாம், யார் கையால் கூடாது என்று அரசாங்கமே எழுதி வைத்தது. தண்ணீர் செல்லாத சாதிகள் என்றே சட்டத்தில் ஒரு வகை. அதிலும் இரண்டு பிரிவு. தொட்டால் தீட்டுக் கழிக்கத் தேவையில்லாதவர்கள், தொட்டால் தண்ணீர் தெளித்துத் தீட்டுக் கழிக்க வேண்டியவர்கள்.

இதில் முதல் பிரிவில் யார் யார் இருந்தார்கள் தெரியுமா? கசாப்பு வேலை செய்தவர்கள், வண்ணார், முஸ்லிம்கள். கூடவே ஐரோப்பியர்கள்! வெள்ளைக்காரர் கையால் தண்ணீர் வாங்கக் கூடாது என்று சட்டம் சொன்ன அதே ஊரில், நூறு ஆண்டு கழித்து, அந்த வெள்ளைக்காரர்களுக்குத் தெருவே திறந்துவிடப்பட்டது. ஆப்பிள் பை சுட்டுக் கொடுத்தார்கள், அறை கொடுத்தார்கள், அவர்கள் குடித்த டம்ளரைக் கழுவிக் கொடுத்தார்கள். தீட்டு எங்கே போனது? டாலர் கழுவிவிட்டது. பணம் வந்தால் சாதி போய்விடும் என்பதல்ல இதன் பொருள், பணம் கொண்டுவந்த தலித்துக்கு அது போகவில்லையே! தீட்டு என்பது தெய்வக் கட்டளை அல்ல, வேண்டும்போது போடவும் வேண்டாதபோது எடுக்கவும் கூடிய விதி என்பதற்கு அந்தத் தெருவே சாட்சி. சட்டத்திலிருந்து சாதித் தண்டனைகள் 1963இல் நீங்கின. 2011இல் தீண்டாமைக்கு எதிராகத் தனிச் சட்டமே வந்தது. 2015 அரசமைப்பில் தலித்துகளின் உரிமைக்கென்று தனிப் பிரிவு இருக்கிறது. தாளில் நம்மைவிட ஒரு படி மேலேகூடச் சொல்லலாம்.

மதியத்துக்கு மேல் ஒரு டீக்கடையில் வைஃபை கெஞ்சி வாங்கி, மூன்றாவது அட்டை ஏதோ புண்ணியத்தில் வேலை செய்து, கைக்குப் பணம் வந்தது. தமேலின் நெரிசலில் நான்கு விடுதிகள் ஏறி இறங்கினோம். ஒன்றில் விலை அதிகம், ஒன்றில் இடமில்லை, ஒன்றில் இரண்டு பெண்களும் ஓர் ஆணும் என்றதும் முகம் சுளித்தார்கள், ஒன்றில் வெந்நீர் இல்லை. ஐந்தாவது விடுதி பிரதான தெருவிலிருந்து உள்ளே தள்ளி இருந்தது. உரிமையாளர் ஐம்பதைக் கடந்தவர், தன்மையாகப் பேசினார். ஆயிரம் ரூபாய். சரி என்றோம். பதிவேட்டை எடுத்து வைத்தார். வாக்காளர் அட்டையைப் பார்த்துப் பெயரை எழுதினார். அடுத்த கட்டத்தில் பேனா நின்றது.

"தர்?" என்றார். பிறகு இந்தியில், "கடைசிப் பெயர் என்ன?"

தமிழர்களுக்குக் கடைசிப் பெயர் கிடையாது என்று எங்கள் உடைந்த இந்தியில் விளக்கினோம். அப்பா பெயர்தான் முதலெழுத்து. 1929இல் செங்கல்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டத்தை வெட்டச் சொன்னது, அதன் பலனை நாம் இன்றும் அனுபவிக்கிறோம். இதையெல்லாம் இந்தியில் சொல்லும் தெம்பு இல்லை. அவருக்கும் புரியவில்லை. "அது எப்படி? எல்லாருக்கும் ஒன்று இருக்குமே" என்றவர், சட்டென்று முகம் மலர்ந்து கேட்டார்: "நீங்கள் மதராஸ் பக்கம் அல்லவா? பிராமணர்களா? எங்கள் பசுபதிநாத் கோயில் பட்டர்கள் உங்கள் பக்கத்திலிருந்து வந்தவர்கள்தான். தரிசனத்துக்கு வந்தீர்களா?"

பசுபதிநாதரின் கருவறைப் பூசகர்கள் தென்னிந்தியாவிலிருந்து, கர்நாடகப் பக்கத்திலிருந்து, வரும் பட்டர்கள் என்பது உண்மை. தலைமுறை தலைமுறையாக அவர்களும் எங்களைப் போலத்தான் நெடுந்தூரம் பயணம் செய்து இந்தப் பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களுடைய முதல் நாளில் அவர்களுக்கு யாரும் அறை தேடச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

நாங்கள் மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். பசி. நெற்றிப் பொட்டில் வலி. படிக்கட்டுக்கு மேலே கட்டில் இருக்கிறது. ஐந்தாவது விடுதி இது. ஆறாவதுக்கு நடக்கக் கால் இல்லை.

எங்களில் ஒருவர் தலையாட்டினார். மற்ற இருவரும் மறுக்கவில்லை.

யார் தலையாட்டியது என்று இங்கே எழுதப் போவதில்லை. மூவர் தலையும்தான் ஆடியது. "யாத்ரிகர்கள் என்றால் எண்ணூறு போதும்" என்று அவர் 200 ரூபாய் குறைத்துக்கொண்டார். கட்டத்தில் ஏதோ எழுதினார். தேவநாகரி எழுத்து, வேகமான கையெழுத்து, எங்களுக்குப் படிக்க முடியவில்லை. ஒரு பையனை அனுப்பிச் சூடாகத் தண்ணீர் கொடுக்கச் சொன்னார்.

கூட்டத்தில் மைக் பிடித்தால் சாதியை மறைப்பது பற்றி நாங்கள் அரை மணி நேரம் பேசுவோம். மறைத்து வாழும் நகரத்து நண்பர்களை எத்தனை முறை இடித்துப் பேசியிருக்கிறோம். அன்று இரவு கம்பளிக்குள் படுத்துக்கொண்டு தூங்காமல் கிடந்தபோது ஒன்று தெரிந்தது. துணிச்சல் என்று நாம் கொண்டாடுவதில் பாதி, நன்றாகச் சாப்பிட்டுத் தூங்கி எழுந்த உடம்பின் துணிச்சல். களைத்த உடம்பு எது சீக்கிரம் கட்டிலில் சேர்க்குமோ அந்தப் பதிலைச் சொல்லிவிடும். அந்தச் சீக்கிரமான பதில் என்ன என்பதை நமக்கு முன்பே வேறு யாரோ தயாரித்து வைத்திருக்கிறார்கள்.

இது நமக்குப் புதிய செய்தியும் அல்ல. அண்ணலின் 'விசாவுக்காகக் காத்திருத்தல்' நூலை நாம் தன்வரலாறு என்று படிக்கிறோம். அது ஒரு பயண நூலும்கூட. 1901இல் அப்பாவைப் பார்க்க ரயிலேறி மசூர் நிலையத்தில் இறங்கிய சிறுவனின் முதல் நாள் அதில் இருக்கிறது. நல்ல உடை உடுத்திய பிள்ளைகளிடம் கரிசனமாகப் பேசிய நிலைய அதிகாரியின் முகம், மகார் என்றதும் மாறுகிறது. இரட்டை வாடகை கொடுத்தும் வண்டிக்காரர் ஓட்ட மறுக்கிறார், பிள்ளைகளே மாட்டை ஓட்டுகிறார்கள். கூடை நிறையச் சாப்பாடு இருக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை. இரவில் சுங்கச்சாவடிக்காரரிடம் அந்தச் சிறுவன் தன்னை முஸ்லிம் என்று சொல்லித் தண்ணீர் கேட்கிறான். அப்படியும் கிடைக்கவில்லை. பின்னாளில், மேல்நாட்டில் படித்துத் திரும்பி பரோடாவுக்கு வேலைக்குப் போகும்போதும் தங்க இடமில்லாமல், பார்சி விடுதியொன்றில் பார்சிப் பெயரைப் பதிவேட்டில் எழுதித்தான் தங்குகிறார். பதினோராம் நாள் தடியோடு வந்து நின்று துரத்தினார்கள்.

அம்பேத்கரே பெயர் மாற்றி எழுதினார் என்பதை எங்களுக்கான மன்னிப்புச் சீட்டாகக் காட்டவில்லை. அவருக்கு வேறு கதவே இல்லை. எங்களுக்கு ஆறாவது விடுதி இருந்தது, கையில் பணம் இருந்தது, தமேலில் முந்நூறு பலகையாவது தொங்கியிருக்கும். ஆனால் காத்மாண்டுவில் அறை தேடுகிற எல்லாருக்கும் ஆறாவது விடுதி இருக்கிறதா? 2021 ஜூனில் இதே நகரத்தில், பாபர்மகால் பகுதியில், வாடகைக்கு அறை பேசி முடித்த ஒரு தலித் பெண் பத்திரிகையாளருக்கு, சாதி தெரிந்ததும் வீட்டுக்காரம்மா அறை தர மறுத்தார். அந்தப் பெண் பணிந்து போகவில்லை, காவல் நிலையம் போனார். வீட்டுக்காரம்மா கைதானார். சில நாட்களில் வெளியே வந்தபோது அவரை அழைத்துப்போகத் தன் காரில் வந்து நின்றவர் ஓர் அமைச்சர்! தலித்துகள் அந்நாட்டு மக்கள்தொகையில் சுமார் 13 விழுக்காடு. தாளில் இருக்கும் சட்டத்தையும் அந்தக் காரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சென்னையில் மட்டும் என்ன வாழ்கிறதாம்? வீடு காட்டவரும் தரகர் 'சைவம் மட்டும்' என்று ஆரம்பித்து, சொந்த ஊரில் எந்தத் தெரு என்பதில் வந்து முடிப்பார். நம் ஊரில் தரைக் கேட்க மாட்டார்கள், தெருவைக் கேட்பார்கள்.

எங்கள் மனதைக் கடைசி வரை அரித்தது வேறு ஒன்று. பதிவேட்டுக்காரர் எங்களிடம் கேட்ட கேள்வியைத்தான் நாங்கள் முந்தைய இரவு பேருந்தில் அந்தத் தம்பியிடம் கேட்டிருந்தோம். அவர் கேட்டது சம்பிரதாயம், நாங்கள் கேட்டது ஆய்வு ஆர்வம் என்று சமாதானம் சொல்லலாம். கேட்கப்பட்டவருக்கு இரண்டும் ஒன்றுதான். வித்தியாசம் ஒன்று உண்டு. அவரும் எங்களைப் போலவே இரண்டு இரவு ரயிலில் வந்து களைத்திருந்தார். ஆனாலும் பொய் சொல்லவில்லை.

கொட்டக் கொட்ட விழித்திருந்த அந்த இரவில் 1956 நவம்பரைப் பற்றியும் பேசினோம். பௌத்தம் ஏற்று ஐந்து வாரமே ஆன நிலையில், உடல் முழுவதும் நலிந்த நிலையில், உலக பௌத்தர் மாநாட்டுக்கு அண்ணல் வந்தது இந்தக் காத்மாண்டுவுக்குத்தான். புத்தரையும் மார்க்ஸையும் பற்றிப் பேசினார். இரண்டு வாரம் கடந்து, டிசம்பர் 6 அன்று காலமானார். மசூர் நிலையத்தில் தொடங்கிய பயணங்களில் அவர் கண்ட கடைசி அயல்நாட்டு நகரம் இது. அந்தக் களைப்பில் அவரிடம் இங்கே யாராவது தர் கேட்டிருப்பார்களா என்று எங்களில் ஒருவர் கேட்டார். இன்னொருவர், "தூங்குங்க தோழர்" என்றார்.

காலையில் உரிமையாளரே டீ கொண்டுவந்தார். பசுபதிநாத்துக்கு எந்த வண்டி பிடிக்க வேண்டும் என்று விளக்கத் தொடங்கினார். அவரை நிறுத்தி, முந்தைய நாள் சொன்னது தவறு என்றும், நாங்கள் பிராமணர்கள் அல்ல, தலித்துகள் என்றும், சுயம்புநாத் ஸ்தூபி பார்க்கப் போகிறோம் என்றும் சொன்னோம். தூங்கி எழுந்திருந்ததால் இந்தி கொஞ்சம் ஒழுங்காக வந்தது.

அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கையை ஆட்டி, "நாங்கள் அதெல்லாம் பார்ப்பதில்லை, காலம் மாறிவிட்டது" என்றார். டீயைக் குடிக்கச் சொன்னார். கீழே போய்ப் பதிவேட்டைத் திறந்து, முந்தைய நாள் எழுதியதை ஒரு கோடு போட்டு அடித்தார். அந்தக் கட்டத்தில் வேறு எதுவும் எழுதவில்லை.

அறையைக் காலி செய்தபோது ரசீதில் ஆயிரம் என்று இருந்தது. யாத்ரிகர்களுக்கான 200 ரூபாய்த் தள்ளுபடியைக் காணோம். நாங்கள் யாத்ரிகர்கள் இல்லையே, கணக்கு சரிதான். ஆயிரத்தையும் எண்ணிக் கொடுத்துவிட்டு, பையை முதுகில் மாட்டிக்கொண்டு தெருவில் இறங்கினோம்.